அலைகளுக்கு அடியில் ஒரு சாட்சி

நுழையும்முன்

காட்டில் மரம் வெட்டப்பட்டால் அடிமரம் எஞ்சி நிற்கும். மலை உடைக்கப்பட்டால் அதன் காயம் நெடுந்தொலைவிலிருந்தும் தெரியும். கடலுக்குள் நிகழும் அழிவையோ அலைகள் உடனே மூடிவிடுகின்றன. கரையில் நிற்பவருக்கு நேற்றைய கடலும் இன்றைய கடலும் ஒன்றுபோலவே தோன்றும். அலைகளுக்குக் கீழே நடப்பதைக் கரையிலுள்ளோர் கண்முன் கொண்டுவரும் பணியை நீரடி ஒளிப்படமும் ஆவணப்படமும் ஏற்றுக்கொண்டன. ஒரு படம் சட்டமாக மாறிய வரலாற்றையும், ஒளிப்படக்கருவி மீனவர் கைகளுக்கே வந்துசேர்ந்த நிகழ்வையும் இப்பாடத்தில் காண்போம்.

காணாத நிலம்

நெய்தல் நிலத்தைப் பாடிய நம் புலவர்கள் கழியையும் கானலையும் புன்னை நிழலையும் வலை உலரும் மணற்பரப்பையும் நுட்பமாகக் கண்டு பாடினர். அவர்களுடைய பார்வை பெரும்பாலும் கரையிலிருந்து கடலை நோக்கிய பார்வையே. கடலின் அடித்தரையை நேரில் கண்டவர்கள் முத்துக்குளிப்போர் மட்டுமே. மூச்சை அடக்கி இறங்கி, சிப்பியைப் பறித்து, மூச்சு முடியும்முன் மேலேறிய அவர்கள் தாம் கண்டதைச் சொற்களால்தான் பிறருக்குச் சொல்ல முடிந்தது. கேட்டவர்கள் நம்பலாம்; நம்பாமலும் போகலாம்.

இந்நிலை மாறத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பிரான்சு நாட்டின் மத்தியதரைக் கடற்கரையிலுள்ள பான்யூல்சு என்னும் சிற்றூரின் கடல் ஆய்வகத்தில் பணியாற்றிய உயிரியல் அறிஞர் லூயி பூத்தான், 1893ஆம் ஆண்டில் கனத்த தலைக்கவசமும் மூழ்குடையும் அணிந்து கடலுக்குள் இறங்கி ஒளிப்படம் எடுத்தார். கருவியை நீர் புகாத பெட்டிக்குள் அடைத்துத் தரவேண்டிய பொறுப்பை அவருடைய உடன்பிறந்தார் ஏற்றார். ஒரு படம் பதிவாவதற்கு அரைமணி நேரம்வரை அசையாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒளி போதவில்லை என்பதால், உயிர்வளி நிரப்பிய 200 லிட்டர் பீப்பாயின்மேல் சாராய விளக்கொன்றை ஏற்றி, அதன் சுடரில் மக்னீசியப் பொடியை ஊதிப் பேரொளி உண்டாக்கும் ஏற்பாட்டையும் அவர் செய்துபார்த்தார். ஒரு மீனின் உருவத்துக்காக ஒரு பீப்பாயையே கடலுக்குள் இறக்கியவரின் பொறுமை வியப்புக்குரியது.

வண்ணப்படம் அதற்கும் பின்னரே வந்தது. 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாத் தீவுக்கூட்டத்தின் அருகே வில்லியம் லாங்லி என்னும் மீனியல் அறிஞரும் சார்லசு மார்ட்டின் என்னும் ஒளிப்படக் கலைஞரும் முதல் நீரடி வண்ணப்படங்களை எடுத்தனர். மிதவையொன்றின்மேல் வைத்து வெடிக்கச்செய்த மக்னீசியப் பொடியின் வெளிச்சமே அவர்களுக்கு ஒளியாயிற்று. அப்படங்கள் 1927 சனவரி மாத ‘நேசனல் ஜியாகிரபிக்’ இதழில் வெளிவந்தன.

நீர் விழுங்கும் நிறங்கள்

நீருக்குள் படமெடுப்பது ஏன் இத்துணைக் கடினம் என்பதை அறிந்தால்தான் அப்படங்களின் மதிப்பு விளங்கும். காற்றைவிட நீர் ஒளியை மிகுதியாக விலக்குகிறது. அதனால் கண்ணாடியணிந்து மூழ்குவோர்க்குப் பொருள்கள் இருக்கும் தொலைவைவிடக் காற்பங்கு அருகிலும், உண்மை உருவைவிட மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் தோன்றும். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். கருவியின் உறையில் மயிரிழை அளவு பிளவு இருந்தாலும் நீர் உள்ளே பாய்ந்துவிடும்.

இவற்றினும் பெரிய இடர் நிறத்தைப் பற்றியது. கதிரவன் ஒளியிலுள்ள நிறங்களை நீர் ஒன்றன்பின் ஒன்றாக உட்கொள்கிறது. முதலில் மறைவது சிவப்பு. ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்திலேயே அது மங்கிவிடும். பின்னர் செம்மஞ்சள், அதன்பின் மஞ்சள் எனக் குறைந்துகொண்டே போய், ஆழத்தில் நீலமும் பச்சையுமே எஞ்சும். 30 மீட்டர் ஆழத்தில் ஒருவர் கையில் காயம்பட்டால் கசியும் குருதி பச்சையாகத் தெரியும். எனவே செந்நிறப் பவளத்தின் உண்மை நிறத்தைக் காட்ட வேண்டுமெனில், ஒளிப்படக்கலைஞர் விளக்கையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். அவ்விளக்கைக் கருவிக்கு நேரே வைத்தால் நீரில் மிதக்கும் துகள்கள் ஒளியைத் திருப்பியடித்துப் படம் முழுவதும் பனி பெய்ததுபோல் ஆகிவிடும். இரு கைகளை விரித்ததுபோல் விளக்குகளைப் பக்கவாட்டில் அமைப்பது இதனால்தான்.

இதில் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நூல்களிலும் திரையிலும் நாம் காணும் பல வண்ணப் பவளப்பாறையை அதே ஆழத்தில் வெறுங்கண்ணால் கண்டவர் இலர். விளக்கு ஒளி பட்ட கணத்தில் மட்டுமே அந்நிறங்கள் வெளிப்படுகின்றன. ஆகவே கடலடி ஒளிப்படம் உள்ளதை அப்படியே காட்டும் கண்ணாடி என்று கருதுவது முழுவதும் பொருந்தாது. எதன்மீது விளக்கைத் திருப்புவது என்னும் தேர்வு எப்போதும் மனிதருடையது.

ஒரு படம், இரு தலைமுறை

1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கடற்படை அலுவலர் ழாக் கூசுத்தோவும் பொறியாளர் எமில் காஞ்ஞானும் இணைந்து, முதுகில் சுமந்த உருளையிலிருந்து வேண்டிய அளவு காற்றை வேண்டியபோது தரும் கருவியை உருவாக்கினர். கப்பலோடு பிணைத்த காற்றுக்குழாய் இல்லாமல் மனிதர் மீனைப்போல் நீந்தித் திரிய அது வழிசெய்தது. கூசுத்தோ, லூயி மால் என்னும் இளம் இயக்குநருடன் சேர்ந்து உருவாக்கிய ‘அமைதி உலகம்’ என்னும் படம் 1956ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் முதன்மை விருதையும், பின்னர் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. கடலின் அடித்தரையை வண்ணத்தில் கண்ட அக்கால மக்கள் மெய்மறந்தனர்.

இன்று அப்படத்தைக் காண்போர் வேறுவகையில் திகைக்கின்றனர். பவளப்பாறை ஒன்றில் எத்தனை வகை மீன்கள் உள்ளன என்று எண்ணுவதற்காகக் குழுவினர் அங்கே வெடி வைக்கின்றனர். செத்து மிதக்கும் மீன்களைப் பொறுக்கி வரிசைப்படுத்துகின்றனர். கப்பலின் சுழலியில் அடிபட்ட திமிங்கலக் கன்றைக் கொல்கின்றனர். அதன் குருதிக்குத் திரண்ட சுறாக்களைச் சினத்துடன் கப்பல்மேல் இழுத்துப்போட்டு வெட்டுகின்றனர். இவை எதுவும் மறைக்கப்படவில்லை; பெருமிதத்துடன் படமாக்கப்பட்டுள்ளன. கடலைக் காதலித்தவர்களே அன்று கடலை வற்றாத களஞ்சியமாக எண்ணினர் என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று கிடைக்காது. அதே கூசுத்தோ 1960ஆம் ஆண்டில் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவைக் கொட்டும் திட்டத்தை எதிர்த்து நின்றார். பிற்காலத்தில் கடல் பாதுகாப்புக்கெனவே ஓர் அமைப்பையும் தொடங்கினார். மீண்டும் மீண்டும் அதே இடங்களில் மூழ்கியவர் என்பதால், குறைந்து வருவதை அவரால் காண முடிந்தது.

அவருடைய மகன் ழான் மிசேல் கூசுத்தோவும் படமெடுப்பவரானார். பசிபிக் பெருங்கடலில் ஹவாய்த் தீவுகளின் வடமேற்கே, இன்று நிலையான மக்கள் குடியிருப்பு இல்லாத தீவுத்தொடர் ஒன்று நீள்கிறது. அத்தீவுகளுக்குச் சென்று அவர் எடுத்த ஆவணப்படம் 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க வெள்ளை மாளிகையில் அன்றைய குடியரசுத் தலைவர் சார்ச் புஷ் முன்னிலையில் திரையிடப்பட்டது. அதே ஆண்டு சூன் 15ஆம் நாள் அத்தீவுத்தொடரைச் சூழ்ந்த கடற்பகுதியைக் காக்கப்பட்ட தேசிய நினைவிடமாக அவர் அறிவித்தார். பரப்பில் அது தமிழ்நாட்டைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. அறிவியலாரும் ஹவாய்ப் பழங்குடியினரும் பல்லாண்டுகள் வாதாடி அமைத்த பாதையின் இறுதியில்தான் அப்படம் வந்தது. படம் ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று கூறுவது அவர்கள் உழைப்பை மறைப்பதாகும். ஆயினும் கோப்புகளில் கிடந்த ஒரு கடலை, முடிவெடுக்க வேண்டியவர் கண்முன் அது கொண்டுவந்து நிறுத்தியது.

கத்தியவார் கரையில் ஒரு கொலைக்களம்

நம் நாட்டிலும் இத்தகைய நிகழ்வொன்று நடந்தது. அதன் நாயகன் உலகிலேயே மிகப்பெரிய மீனான திமிங்கலச் சுறா. பதினெட்டு மீட்டர்வரை வளரக்கூடிய இம்மீன் பெயரில் சுறாவாயினும் எவரையும் கடிப்பதில்லை. வாயை அகலத் திறந்து நீந்தி, நீரிலுள்ள நுண்ணுயிர்களையும் சிறுமீன்களையும் வடிகட்டி உண்ணும். மெல்ல நீந்துவதும் நீர்ப்பரப்புக்கு அடிக்கடி வருவதும் அதன் இயல்பு. அவ்வியல்பே அதற்குக் கேடாயிற்று.

குசராத்தின் சௌராட்டிரக் கரையோரம் ஆண்டுதோறும் இம்மீன்கள் வந்துசெல்லும். அப்பகுதி மீனவர் இதனைப் ‘பேரல்’ என்று அழைத்தனர். பெரிய கொக்கியோடு காற்றடைத்த பீப்பாய்களைக் கயிற்றால் பிணைத்து, மீன் அவற்றை இழுத்திழுத்துக் களைத்துப்போனதும் பிடிப்பது வழக்கமாதலால், பீப்பாயின் பெயரே மீனுக்கும் ஆயிற்று. முற்காலத்தில் அதன் ஈரல் எண்ணெயை மரப்படகுகளில் நீர் கசியாமலிருக்கப் பூசினர். ஏனைய உடலுக்கு மதிப்பில்லை. 1990களில் வெளிநாடுகளில் அதன் இறைச்சிக்கும் துடுப்புக்கும் விலை கிடைக்கத் தொடங்கியதும் வேட்டை பெருகியது.

ஆவணப்பட இயக்குநர் மைக் பாண்டே இதனைப் படமாக்கினார். ‘மௌனத்தின் கரைகள்’ எனப் பொருள்படும் தலைப்பில் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படம், கடலில் அமைதியாக நீந்தும் பேருருவையும், கரையில் அது துண்டு துண்டாக அறுக்கப்படுவதையும் அடுத்தடுத்துக் காட்டியது. இந்தியக் கடலில் இத்தகைய உயிரினம் உண்டு என்பதையே அறியாதிருந்த மக்கள், அது அழிந்துகொண்டிருப்பதையும் அதே படத்தில் அறிந்தனர். இங்கிலாந்தின் வைல்டுஸ்கிரீன் விழாவில் ‘பசுமை ஆஸ்கர்’ என்று போற்றப்படும் பாண்டா விருது அதற்குக் கிடைத்தது. மறு ஆண்டே, 2001 மே மாதத்தில், திமிங்கலச் சுறா 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் கிடைத்த பாதுகாப்பு முதன்முறையாக ஒரு மீனுக்குக் கிடைத்தது. 2002ஆம் ஆண்டில் இந்தியாவும் பிலிப்பைன்சும் முன்மொழிந்ததன் பயனாக, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்திலும் அது இடம்பெற்றது.

தெரியுமா?
1995ஆம் ஆண்டில் தைவான் அருகே பிடிபட்ட சூல்கொண்ட திமிங்கலச் சுறா ஒன்றின் வயிற்றில் ஏறத்தாழ 300 கருக்குஞ்சுகள் இருந்தன. இவ்வினம் முட்டைகளை உடலுக்குள்ளேயே பொரித்துக் குட்டிகளை ஈனும் என்பது அப்போதுதான் உறுதியாயிற்று.

வலையிலிருந்து ஒளிப்படக்கருவிக்கு

சட்டம் வந்தது, ஆனால் சட்டம் வந்த செய்தி கடற்கரைக்கு எட்டவில்லை. நேற்றுவரை தொழிலாக இருந்தது இன்று குற்றமாகிவிட்டது என்பதைப் பல மீனவர் அறியவே இல்லை. அறிந்தவர்களுக்கும் ஒரு நியாயமான வினா இருந்தது. மீன்பிடி வலையில் தற்செயலாகத் திமிங்கலச் சுறா சிக்கினால் என்ன செய்வது? அதனை விடுவிக்க வேண்டுமெனில் வலையை அறுக்க வேண்டும். வலை என்பது ஒரு குடும்பத்தின் முதலீடு. தில்லியில் திரையிடப்பட்ட படத்தைக் கண்டு கண்ணீர் விட்டவர் எவரும் அந்த வலைக்கு விலை கொடுக்கவில்லை.

2004ஆம் ஆண்டில் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குசராத் வனத்துறை முதலியோர் இணைந்து கரையோர ஊர்களில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். திமிங்கலச் சுறாவின் காற்றடைத்த பேருருவம் ஊர் ஊராகச் சென்றது. தெரு நாடகங்கள் நடந்தன. இராமகதைச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, அம்மீனைப் பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு வரும் மகளாக மக்களிடம் எடுத்துரைத்தார். ‘பேரல்’ என்னும் பெயர் மறைந்து, அன்புக்குரியவள் எனப் பொருள்படும் ‘வஹாலி’ என்னும் பெயர் நிலைத்தது. தலைப்பேற்றுக்கு வந்த மகளை வெட்டுவாருண்டோ? போர்பந்தர் நகரம் அம்மீனைத் தன் சின்னமாகவே ஏற்றுக்கொண்டது. பட்டினப்பாலை காட்டும் பரதவரும் சினைகொண்ட சுறாவின் கொம்பை மணலில் நட்டுத் தெய்வமாக வணங்கியவர்களே. கடலோடு வாழ்வோர் கடலுயிர்களைத் தம் உறவுமுறைக்குள் வைத்துப் பார்ப்பது புதிய வழக்கமன்று.

அறுபட்ட வலைக்கு இழப்பீடு வழங்க அரசு முன்வந்தது. அதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. மீன் சிக்கியது உண்மைதானா என்பதை வனத்துறை அலுவலர் நேரில் வந்து உறுதிசெய்ய வேண்டும். கரையிலிருந்து அவர் வந்துசேரும்வரை மீன் வலைக்குள்ளேயே தவிக்கும். சட்டம் எந்த உயிரைக் காக்க வந்ததோ, அதன் நடைமுறையே அவ்வுயிரை வருத்தியது.

அதற்குத் தீர்வாக வந்ததுதான் நீர் புகாத சிறு ஒளிப்படக்கருவி. மீனவர்களுக்கே அக்கருவிகள் வழங்கப்பட்டன. மீன் சிக்கியதும் அதைப் படமெடுக்க வேண்டும். வலையை அறுத்து விடுவிப்பதையும் படமெடுக்க வேண்டும். கரைக்கு வந்து படங்களைக் காட்டினால் இழப்பீடு கிடைக்கும். அலுவலருக்காகக் காத்திருந்த நேரம் இல்லாமற் போயிற்று. இவ்வாறு விடுவிக்கப்பட்ட திமிங்கலச் சுறாக்கள் பல நூறு.

கடல் பாதுகாப்பில் ஒளிப்படத்தின் பங்கைப் பேசுவோர் விருது பெற்ற படங்களையே பெரிதும் எடுத்துக்காட்டுவர். அலையில் ஆடும் படகிலிருந்து, ஈரக்கையால், நடுங்கியபடி எடுக்கப்பட்ட இந்தப் படங்களில் கலைநயம் இராது. சில கலங்கியிருக்கும், சிலவற்றில் மீனின் முதுகில் ஒரு பகுதியே தெரியும். எனினும் அவற்றைக் கலைப்படங்களுக்கு நிகராக வைத்து எண்ண வேண்டும். மைக் பாண்டேயின் படத்தில் மீனவர் காட்சிப்பொருளாக இருந்தார்; இங்கே அவரே காண்பவராகவும் சான்று தருபவராகவும் ஆனார். இழப்பீட்டுத் தொகையும் இல்லாமல், படமும் அவர் கையில் இல்லாமல், சட்டம் மட்டும் இருந்திருந்தால் அது ஏட்டளவில் நின்றிருக்கும்.

புள்ளிகளும் விண்மீன்களும்

மனத்தை உருக்குவதோடு ஒளிப்படத்தின் பணி முடிவதில்லை. அது கணக்கெடுக்கவும் உதவுகிறது. திமிங்கலச் சுறாவின் கருநீல உடலெங்கும் வெண்புள்ளிகள் நிறைந்திருக்கும். மனிதரின் கைரேகைபோல, ஒன்றன் புள்ளிக்கோலம் மற்றொன்றுக்கு இராது. செவுள் பிளவுகளுக்குப் பின்னுள்ள பக்கப்பகுதியைப் படமெடுத்தால் அம்மீனை மறுமுறை காணும்போது இன்னதென்று அடையாளம் காணலாம். ஆயிரக்கணக்கான படங்களைக் கண்ணால் ஒப்பிடுவது எளிதன்று. இரவு வானின் படங்களில் விண்மீன் கூட்டங்களை ஒப்பிட வானியலார் பயன்படுத்திய கணித முறையை, கடலியல் அறிஞரும் வானியற்பியல் அறிஞரும் கணினி வல்லுநரும் சேர்ந்து இப்புள்ளிகளுக்குப் பொருத்தினர். வான்வெளிக்காக வகுத்த கணக்கு கடலடிக்குப் பயன்பட்டது. உலகின் பல மூலைகளில் பொழுதுபோக்குக்காக மூழ்குவோர் எடுக்கும் படங்களும் இதனால் ஆய்வுத்தரவுகளாயின. மீனைப் பிடிக்காமலும் குத்தாமலும் அது எங்கெங்கே சென்றது என்பதை அறிய வழி பிறந்தது.

மனிதர் மூழ்காமலேயே படமெடுக்கும் முறையும் உண்டு. ஒரு சட்டத்தில் காணொளிக் கருவியைப் பொருத்தி, அதன் முன்னே சிறிதளவு இரையைக் கட்டி, கடலின் அடித்தரையில் இறக்கிவிடுவர். இரையின் மணத்தால் வரும் மீன்களைக் கருவி பதிவுசெய்யும். 58 நாடுகளில் 371 பவளப்பாறைகளில் இவ்வாறு 15,000 மணி நேரத்துக்கும் மேலாகப் பதிவான காணொளிகளை ஆராய்ந்த அறிஞர்கள், தம் முடிவுகளை 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஏறத்தாழ ஐந்திலொரு பங்குப் பாறைகளில் ஒரு சுறாகூடத் தென்படவில்லை. வெறும் நீரும் மணலும் மட்டுமே தெரிந்த அந்தக் காணொளிகளே அவ்வாய்வில் மிகவும் அச்சுறுத்தியவை.

சான்றாகும் என்று எண்ணாமல் எடுத்த படங்களும் பிற்காலத்தில் சான்றாகின்றன. புளோரிடாவின் கீ வெஸ்ட் துறைமுகத்தில் பொழுதுபோக்காக மீன்பிடித்து வந்தவர்கள், தாம் பிடித்தவற்றைத் தொங்கவிட்டுப் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். 1956 முதல் 2007 வரையிலான அத்தகைய படங்களை ஆராய்ந்தபோது, பிடிபட்ட மீனின் சராசரி எடை ஏறத்தாழ 20 கிலோவிலிருந்து 2.3 கிலோவாகக் குறைந்திருப்பது தெரியவந்தது. படங்களில் நிற்போரின் முகமகிழ்ச்சி மட்டும் ஐம்பது ஆண்டுகளிலும் குறையவில்லை. தாம் கண்ட கடலே இயல்பான கடல் என்று ஒவ்வொரு தலைமுறையும் நம்பிவிடுகிறது.

வெளுத்த பவளம்

சில அழிவுகளை ஒரே படத்தில் காட்ட இயலாது. அவற்றுக்குக் காலமும் படத்தினுள் வரவேண்டும். பவளம் பாறைபோல் தோன்றினாலும் அது நுண்ணிய உயிர்களின் குடியிருப்பு. அவ்வுயிர்களின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளே அவற்றுக்கு உணவும் நிறமும் தருகின்றன. கடல்நீரின் வெப்பம் இயல்பைவிட ஓரிரு பாகை உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால், இவ்வுறவு முறிந்து பாசிகள் வெளியேறிவிடும். அப்போது பவளத்தின் சுண்ண எலும்புக்கூடு வெண்மையாக வெளித்தெரியும். இதனைப் பவள வெளுப்பு என்பர். வெளுத்த பவளம் உடனே இறந்துவிடுவதில்லை; நீர் விரைவில் குளிர்ந்தால் மீளவும் கூடும். மீளாதபோது அதன்மேல் பழுப்புநிறப் பாசி படர்ந்துவிடும்.

2017ஆம் ஆண்டில் செஃப் ஓர்லோவ்சுகி இயக்கி வெளியிட்ட ‘சேசிங் கோரல்’ என்னும் ஆவணப்படம் இம்மாற்றத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை பதிவுசெய்ய முனைந்தது. கடலடியில் தாமாகவே படமெடுக்கும் கருவிகளைப் படக்குழுவினர் உருவாக்கி நிறுவினர். கண்ணாடியில் பாசி படியாமல் துடைக்கும் அமைப்பும் அவற்றில் இருந்தது. ஆயினும் எடுத்த படங்கள் பல தெளிவின்றிப் போயின. வேறு வழியின்றி ஆத்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் இளைஞர்கள் நாள்தோறும் மூழ்கி, அதே பவளத்தை, அதே கோணத்தில், அதே தொலைவிலிருந்து கைகளாலேயே படமெடுத்தனர். அவற்றைக் கோத்துப் பார்த்தபோது, பல வாரங்களில் நிகழ்ந்த இறப்பு சில நொடிகளில் திரையில் நிகழ்ந்தது. 2016ஆம் ஆண்டின் அவ்வெப்ப அலையில் அப்பெருந்திட்டின் ஆழமற்ற நீர்ப்பவளங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு அழிந்தது என்று அறிவியல் ஆய்வுகள் கணித்தன. எண் முன்பே அறிவுக்குத் தெரிந்ததுதான். நாள்தோறும் ஒரே பவளத்தின் முன் சென்று நின்ற இளைஞரின் முகத்தில் அது வேறொன்றாகத் தெரிகிறது.

அதே 2016ஆம் ஆண்டில் நம் மன்னார் வளைகுடாவிலும் பவள வெளுப்பு நிகழ்ந்தது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனத்தினர் மூழ்கிச் சென்று அதனைப் பதிவுசெய்தனர். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்து விளங்கும் இப்பவளங்கள், ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டி எடுக்கப்பட்டவை. ஆத்திரேலியப் பவளம் வெளுத்ததை உலகமே திரையில் கண்டது. நம் கரையின் பவளத்தை நம்மில் எத்தனை பேர் படத்திலேனும் கண்டிருக்கிறோம்?

படமெடுப்போர் வரம்பு

நல்ல நோக்கத்தோடு செல்பவரும் கடலைக் காயப்படுத்தக்கூடும். காலில் அணிந்த துடுப்பின் ஓர் உதையால், பல ஆண்டுகள் வளர்ந்த பவளக்கிளை ஒடிந்துவிடும். மணலில் மறைந்திருக்கும் கடற்குதிரையையும் சிறுமீனையும் குச்சியால் தள்ளிப் படத்துக்கு ஏற்றவாறு நிறுத்துவோரும் உளர். கருவியின் பளிச்சொளி இத்தகைய உயிர்களைக் குருடாக்கிவிடும் என்ற அச்சம் நெடுநாள் இருந்தது. ஆய்வில் தெரியவந்ததோ வேறு: ஒளியைவிடக் கையால் தொடுவதும் இடம் மாற்றுவதுமே அவற்றை மிகுதியாக வருத்துகின்றன.

அழகும் ஒருவகையில் இடர் விளைவிக்கும். நூறு மீட்டர் பாறையில் தொண்ணூறு மீட்டர் பாழாகிக் கிடந்தாலும், எஞ்சிய பத்து மீட்டரைப் படமெடுத்துக் கடல் முழுவதும் செழித்திருப்பதாகக் காட்டிவிட முடியும். இதற்கு எதிரான வழுவும் உண்டு. அழிவை மட்டுமே காட்டும் படம், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற சோர்வைப் பார்ப்பவர்க்குத் தந்துவிடும். அமெரிக்க ஒளிப்படக்கலைஞர் பிரையன் சுகெரி, மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் செவுள்வலையில் சிக்கி இறந்த சுறா ஒன்றைப் படமெடுத்தார். பக்கத்துடுப்புகள் விரிந்த நிலையில் சிலுவையில் அறையப்பட்டதுபோல் அது தொங்குகிறது. குருதியில்லை, கோரமில்லை. நீரின் நீலத்தில் ஓர் உயிரின் அமைதி மட்டுமே உள்ளது. மனிதரைக் கொல்லும் கொடிய மீன் என்று சுறாவை எண்ணியிருந்தவர்களையும் அப்படம் ஒரு கணம் நிறுத்தியது.

கலங்கிய நீரில்

பாக் விரிகுடாவின் ஆழமற்ற, சேறு கலங்கிய நீரில் ஆவுளியா என்னும் கடற்பசு வாழ்கிறது. கடற்புல்லை மேய்ந்து வாழும் இப்பாலூட்டியைக் காப்பதற்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதல் காப்பகம் இது. ஹவாயின் தெளிந்த நீரில் எடுத்ததுபோன்ற படங்களை இங்கே எதிர்பார்க்க முடியாது. கூச்ச இயல்புடைய இவ்விலங்கு மூச்சுவிட ஒரு நொடி மேலே வந்து மறைந்துவிடும்.

எனவே ஆய்வாளர்கள் வேறொன்றைப் படமெடுக்கின்றனர். கடற்புல் தரையில் மேயும்போது ஆவுளியா புல்லை வேரோடு பறித்து உண்பதால், மணலில் வளைந்து செல்லும் ஒரு சால் உண்டாகிறது. உழுத வயலில் ஏர்ச்சால் கிடப்பதுபோல் அது சில நாள் கிடக்கும். மூழ்கிச் செல்வோர் அளவுகோலை அருகே வைத்து அதனைப் படமெடுத்து, இடத்தையும் நாளையும் குறித்துக்கொள்கின்றனர். விலங்கு படத்தில் இல்லை. முந்தைய இரவிலோ அதற்கு முந்தைய நாளிலோ அது அங்கே வந்து மேய்ந்து சென்றிருக்கிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்க் கடற்கரை, ஆறு அல்லது ஏரியின் பழைய ஒளிப்படங்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டுப் பெறுக. அதே இடத்தை அதே கோணத்தில் இன்று படமெடுத்து, இரண்டுக்கும் இடையே காணும் மாற்றங்களை வகுப்பறையில் எடுத்துரைக்க.

‘ஓர் உயிரினத்தைக் காக்கும் சட்டம், அதனோடு வாழும் மக்களின் பிழைப்பையும் கருத்தில் கொள்ள வேண்டும்’ என்பதைச் சௌராட்டிர மீனவர் நிகழ்வைச் சான்றாகக் கொண்டு விவாதிக்க.